பல்லைப் பிடுங்கியும் போகாத வலி!

இப்படி ஒரு காலையை நினைத்துப் பாருங்கள்.

திருப்பூர். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், காங்கயம் பக்கமெல்லாம் சுழற்றி அடித்துக்கொண்டிருக்கிறது. எட்டரை மணி ஷிப்ட்டுக்கு டெய்லர்கள் வந்துவிடுவார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் பவர் டேபிளைத் திறக்கக் கிளம்பிவிட்டார். பையனுக்கு ஸ்கூல் பஸ் வரும் நேரம். நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள். வாசல் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமியார், திடீரென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

"என்னாச்சுங்க அத்தை?"

பதில் இல்லை. முகம் கோணுகிறது. கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. வாயைத் திறக்கவே பயப்படுகிறார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வலி வந்த சுவடே தெரியாமல் எழுந்து வாயைக் கொப்பளிக்கப் போகிறார்.

"ஒண்ணுமில்ல கண்ணு... சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. கடவாப் பல்லு சொத்தையாட்ட இருக்குது. புடுங்கிப் போட்டாச் செரியாப் போயிரும்."

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஒரு வாரம் சும்மா இருந்த வலி, காற்று முகத்தில் பட்டதும் மறுபடி வந்தது. "பக்கத்துப் பல்லா இருக்கும்" என்று அதையும் எடுத்தாகிவிட்டது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்தது. அத்தை இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. பேச்சைக் குறைத்துவிட்டார். விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை.

இது பல் வலியே இல்லையென்றால்..?

கன்னத்தில் மின்சாரம் பாய்வது போன்ற இந்த வலிக்கு மருத்துவத்தில் 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' என்று பெயர். முகத்துக்குப் போகும் ஒரு நரம்பில் வரும் வலி. வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். ஏனென்றால் இந்த வலிக்கு மாத்திரை இருக்கிறது. மாத்திரை கைவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது. பல்லைப் பிடுங்குவது மட்டும் இதற்கு வைத்தியமே அல்ல!

350 வருஷத்துக்கு முன்பும் இதே கதை

"எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஏமாற்றம்?" என்று வருத்தப்படாதீர்கள். 1677-ம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஒரு பிரபுகுலப் பெண்மணிக்கு இதே மாதிரி முகத்தில் மின்னல் வெட்டுகிற வலி. அவரைப் பார்க்கப் போனவர் ஜான் லாக். தத்துவ மேதை என்று உலகம் கொண்டாடுகிற அதே லாக்தான், அவர் டாக்டரும்கூட. அந்தப் பெண்மணி துடித்த துடிப்பை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் போவதற்கு முன்பே அந்த அம்மாளுக்கும் பல்லைப் பிடுங்கிப் பார்த்துவிட்டார்கள். பலன் இல்லை!

பிற்பாடு 1773-ல் லண்டன் டாக்டர் ஜான் ஃபாதர்கில் இந்த நோயின் அடையாளங்களைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அதற்குப் பிறகும் நோயாளிகள் முதலில் போவது பல் டாக்டரிடம்தான். அதில் தப்பும் இல்லை. வலி இருப்பது தாடையில், ஈறில், பல்லில். வேறு எங்கே போவார்கள்?

எந்த நரம்பு இது?

மூளையிலிருந்து நேராகக் கிளம்புகிற நரம்புகள் 12 ஜோடி. அதில் ஐந்தாவது ஜோடிதான் ட்ரைஜெமினல் நரம்பு. இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும். இரண்டாவது கன்னம், மூக்கு ஓரம், மேல் உதடு, மேல் பற்களுக்கு. மூன்றாவது கீழ்த் தாடை, கீழ் உதடு, கீழ்ப் பற்களுக்கு. முகத்தில் சூடு, குளிர், தொடுதல், வலி எல்லாம் நமக்குத் தெரிவது இந்த நரம்பினால்தான்.

இந்த வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளைகளில் வருகிறது. அதனால்தான் பல் வலி மாதிரியே ஏமாற்றுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணை மூட முடியாமல் போகிற 'முகவாதம்' வேறு. அது ஏழாவது நரம்பின் கோளாறு. அதில் தசை வேலை செய்யாது. இதில் தசை நன்றாகத்தான் இருக்கும், வலிதான் உயிரை எடுக்கும்.

வெளிநாட்டுக் கணக்குகளின்படி, லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 13 பேருக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குறைவாக வருகிற நோய் என்பதால்தான் நம் வீட்டுக்கு வரும்போது யாருக்கும் சட்டென்று பிடிபடுவதில்லை.

பல் வலியா, நரம்பு வலியா?

வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனித்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

* வலி எவ்வளவு நேரம்? நரம்பு வலி கண் இமைக்கும் நேரத்திலிருந்து அதிகபட்சம் இரண்டு நிமிஷம். பிறகு சட்டென்று விட்டுவிடும். ஒரு நாளில் பல தடவை வரலாம். பல் வலி மணிக்கணக்கில் விண் விண்ணென்று தெறிக்கும்.

* எதனால் கிளம்புகிறது? முகம் கழுவுவது, பல் விளக்குவது, பொட்டு வைப்பது, ஷேவ் செய்வது, பேசுவது, மெல்லுவது, ஃபேன் காற்று, பைக்கில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று... இப்படி லேசாகத் தொட்டாலே கிளம்பினால் நரம்பு என்று சந்தேகப்படுங்கள். பல் கோளாறு என்றால் அழுத்திக் கடிக்கும்போதும், சூடாகவோ ஜில்லென்றோ குடிக்கும்போதும்தான் அதிகம் தெரியும்.

* எந்தப் பக்கம்? நரம்பு வலி எப்போதும் ஒரே பக்கம்தான். இரண்டு பக்கமும் வருவது மிக அபூர்வம்.

* இரவில்? சொத்தைப் பல் பெரும்பாலும் ராத்திரியில் தூங்க விடாது. நரம்பு வலிக்காரர்கள் பலர் தூங்கும்போது நிம்மதியாக இருப்பார்கள். விடிந்து முகத்தில் கை பட்டதும் ஆரம்பிக்கும்.

இதற்காகப் பல் டாக்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லில் விரிசல் இருந்தாலும் சுரீர் என்று வலிக்கும். அதைக் கண்டுபிடிக்க அவர்தான் வேண்டும். "இது பல் இல்லைங்க, நியூரோ டாக்டரைப் பாருங்க" என்று முதலில் சொல்லி அனுப்புகிறவரும் பல நேரம் அவர்தான். எக்ஸ்ரேயில் பல்லில் குறையில்லை என்று தெரிந்த பிறகு, "எதுக்கும் எடுத்துருங்க டாக்டர்" என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். போன பல் திரும்ப வராது!

நரம்புக்கு என்ன கோபம்?

கம்பெனியில் ஒரு மெஷினுக்குப் போகிற வயர், ஓடுகிற பெல்ட்டில் உரசிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. நாளாக ஆக வயரின் மேல் உறை தேய்ந்துபோகும். அப்புறம் லேசாக அசைந்தாலே பொறி பறக்கும்.

மூளைக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ட்ரைஜெமினல் நரம்பு மூளைத் தண்டிலிருந்து வெளியே வருகிற இடத்தில், அதன் மேல் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்துகொள்கிறது. வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் நீண்டு, வளைந்து, இடம் மாறுவது உண்டு. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அந்தக் குழாய் நரம்பைத் தட்டுகிறது. நரம்பின் மேல் உறை கெடுகிறது. கன்னத்தில் பட்ட காற்றைக்கூட 'கொலை வலி' என்று அது மூளைக்குச் சொல்கிறது.

எல்லோருக்கும் இதுவே காரணம் அல்ல. ஏறக்குறைய நூற்றுக்கு 15 பேருக்கு ஒரு கட்டியோ, 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு நோயோ காரணமாக இருக்கலாம். அதனால்தான் டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். "வலிக்குப் போய் இத்தனை செலவு பண்ணி ஸ்கேனா?" என்று தள்ளிப் போடாதீர்கள். வலி வருகிறவருக்கு 40 வயதுக்குக் கீழ் இருந்தால், முகத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், இரண்டு பக்கமும் வலி வந்தால், காது மந்தமானால், நடையில் தள்ளாட்டம் இருந்தால், ஸ்கேனை ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

முதலில் மாத்திரை

ஆபரேஷன் என்றதும் பயப்பட வேண்டாம். முதல் வைத்தியம் மாத்திரைதான். கார்பமசெபைன் என்ற மருந்து 1962-லிருந்தே இந்த வலிக்குப் பயன்படுகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். சாதாரண வலி மாத்திரைகள் எத்தனை போட்டாலும் கேட்காத வலி, இதற்கு அடங்குவதே நோயைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம். இதன் உறவுக்கார மருந்தான ஆக்ஸ்கார்பசெபைனையும் தருவது உண்டு.

இங்கே வீடுகளில் ஒரு கலவரம் நடக்கும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது வலிப்பு மாத்திரைங்களே!" என்பார்கள். "நம்ம வீட்ல யாருக்குங்க வலிப்பு? நாலு பேருக்குத் தெரிஞ்சா புள்ளைக்குச் சம்பந்தம் எப்படி வரும்?" என்று அந்த மாத்திரையைப் பரண் மேல் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். வலிப்புக்குத் தருகிற மருந்துதான். கட்டுப்பாடில்லாமல் துடிக்கிற நரம்பை அமைதிப்படுத்துவது அதன் வேலை. அதனால் இங்கேயும் உதவுகிறது. மாத்திரை சாப்பிடுவதால் வலிப்பு நோய் வந்துவிடாது.

ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு.

தலை சுற்றும், தூக்கம் வரும். புதிதாக ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கட்டிங் மெஷின், ஓவர்லாக் மெஷின் பக்கம் உட்காருவதும் டூ வீலர் ஓட்டுவதும் ஆபத்து. "ஒன்றரை ஷிப்ட் பார்த்தாத்தான் கட்டுப்படி ஆகும்" என்கிற வீடுகளிலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லிச் சில நாட்கள் செக்கிங்கோ பேக்கிங்கோ மாற்றிக் கேளுங்கள். விரல் போனால் திரும்பாது.

தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக மாறும். முதல் சில மாதங்களில் இந்தக் கவனம் முக்கியம். ஆசியர்கள் சிலருக்கு இந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டுகிற மரபணுப் பரிசோதனை இருக்கிறது. அது தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அணுக்கள், ஈரல், சோடியம் உப்பு இவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் டாக்டர் சொல்கிறபடி தவறாமல் செய்ய வேண்டும். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கினால் குழப்பமாகப் பேசுவார்கள், தள்ளாடுவார்கள். "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடாதீர்கள்.

குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வலி நின்றுவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பல் டாக்டரின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போய்...

மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, தலை நிமிர முடியவில்லை, வலியும் முழுதாக விடவில்லை. அல்லது மருந்தே உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு வருகிறது.

இந்த ஆபரேஷன் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1930-களிலேயே அமெரிக்க மூளை சர்ஜன் வால்டர் டாண்டி, இந்த நரம்பின் மேல் ரத்தக்குழாய் அழுத்துவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். மூளை ஆபரேஷனில் மைக்ராஸ்கோப் இல்லாத காலம் அது. அப்போது அது அதிகம் எடுபடவில்லை. 1960-களில் லாஸ் ஏஞ்சலீஸில் பீட்டர் ஜனெட்டா என்ற இளம் டாக்டர், பல் மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சடலத்தில் இந்த நரம்பை மைக்ராஸ்கோப் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. "இதைத் தள்ளி வைத்தால் வலி போய்விடுமே!" என்று தோன்றியது. நரம்பை அறுக்காமல், குழாயை மட்டும் விலக்கி வைக்கிற ஆபரேஷனை 1966-லிருந்து செய்ய ஆரம்பித்தார். முதலில் பெரிய டாக்டர்கள் பலர் நம்பவில்லை. அவர் விடாமல் செய்து, கணக்கு வைத்து, வெளியிட்டார். ஆபரேஷன் நிலைத்துவிட்டது.

என்ன செய்கிறார்கள்?

'மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன்' என்பது ஆபரேஷனின் பெயர். முழு மயக்கம் கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் முடியை எடுத்து, சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, எலும்பில் ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழி செய்கிறார்கள். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போய், நரம்பை அழுத்துகிற குழாயை மெதுவாக விலக்குகிறார்கள். அது மறுபடி சாய்ந்துவிடாமல் நடுவே டெஃப்லான் இழைகளால் ஆன பஞ்சு போன்ற ஒரு சிறு துணுக்கை வைக்கிறார்கள். நான்-ஸ்டிக் தவாவில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான்! உடம்பு அதை எதிர்ப்பது அபூர்வம். வயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்த மாதிரி.

பலருக்கு மயக்கம் தெளிந்து எழும்போதே அந்த மின்னல் வலி போயிருக்கும். வெட்டின இடத்தில் வலி, கழுத்துப் பிடிப்பு, குமட்டல் சில நாட்கள் இருக்கும். ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு சில நாட்கள் வார்டு, அப்புறம் வீடு. வழக்கமான வேலைக்குப் போகச் சில வாரங்கள் ஆகும்.

பலன் எப்படி? ஜனெட்டாவின் குழு 1,185 நோயாளிகளுக்குச் செய்த ஆபரேஷன்களின் கணக்கை 1996-ல் வெளியிட்டது. ஆபரேஷன் முடிந்து 10 வருஷத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 70 பேர் மாத்திரையில்லாமல், வலியில்லாமல் இருந்தார்கள். ஆபத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனை ஒட்டி 2 பேர் இறந்திருக்கிறார்கள். அதாவது ஆயிரத்துக்கு 2 என்ற கணக்கு. 16 பேருக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போயிருக்கிறது. அதாவது நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு. மூளை நீர் கசிவது, நோய்த்தொற்று, முகத்தில் மரப்பு ஆகியவையும் வரக்கூடியவையே.

மருந்து பலிக்காத நிலையில், ரத்தக்குழாய்தான் காரணம் என்றால், ஆபரேஷன்களில் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நரம்பியல் அகாடமியின் 2019-ம் வருஷத்து வழிகாட்டுதல் சொல்கிறது.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. இதய நோய் இருக்கிறவர்கள், தள்ளாத வயதினர், பெரிய ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்கள், ஸ்கேனில் ரத்தக்குழாய் அழுத்தம் தெரியாதவர்கள் ஆகியோருக்கு வேறு முறைகளை டாக்டர் யோசிப்பார்.

ஒன்று, ஊசி வழி. கன்னத்தின் வழியாக ஒரு நீண்ட ஊசியை எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மண்டை ஓட்டின் அடியில் உள்ள துவாரத்துக்குக் கொண்டுபோய், நரம்பு முடிச்சைச் சுட்டுவிடலாம், கிளிசரின் செலுத்தலாம், அல்லது சின்ன பலூனை ஊதி அழுத்தலாம். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. வலி சீக்கிரம் அடங்கும். ஆனால் இது நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தித்தான் வலியைக் குறைக்கிறது. அதனால் முகத்தில் மரப்பு வரலாம். உதடு மரத்தால் காபி சூடு தெரியாது. கண்ணின் கருவிழி மரத்தால் தூசி விழுந்தாலும் தெரியாமல் புண்ணாகும். சில வருஷங்களில் வலி திரும்பி வருவதும் அதிகம்.

இன்னொன்று, கத்தியில்லாத 'காமா நைஃப்' கதிர்வீச்சு. நரம்பின் ஒரு புள்ளியில் கதிர்களைக் குவிக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை மாத்திரை தொடர வேண்டும். இதிலும் மரப்பு வரலாம்.

எது நல்லது? பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. வயது, உடம்பு, ஸ்கேன் மூன்றையும் வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா போகணுமா?

இந்தி நடிகர் சல்மான் கானுக்கும் இதே நோய்தான். 2011-ல் அமெரிக்கா போய் இதற்கு ஆபரேஷன் செய்துகொண்டார். தன் வலியைப் பற்றிப் பல மேடைகளில் வெளிப்படையாகப் பேசியும் இருக்கிறார். அதனால் பேர் தெரியாத இந்த நோய்க்கு நம் ஊரிலும் ஒரு முகவரி கிடைத்தது.

ஆனால் நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. இந்தியாவில் மூளை ஆபரேஷனுக்கென்று தனித் துறை முதலில் வந்ததே நம் தமிழ்நாட்டில்தான். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷமே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். இன்று திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் நியூரோ சர்ஜன்கள் இருக்கிறார்கள். திருப்பூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. முதலில் அங்கே போய்க் காட்டி, தேவையானால் எழுதி வாங்கிக்கொண்டு கோவை போகலாம்.

கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அது உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பி இருக்கிற அம்மா அப்பாவுக்கும் விதிகளின்படி பயன்படும். கோவை சிங்காநல்லூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தேதி வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

சர்ஜனிடம் கேளுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. எங்க அம்மா ஸ்கேனில் நரம்பை ரத்தக்குழாய் அழுத்துவது தெரிகிறதா?

2. மாத்திரையை இன்னும் சரி செய்து பார்க்க இடம் இருக்கிறதா?

3. இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? காது, முகம் பாதிக்கப்பட்டது எத்தனை பேருக்கு?

4. அவருடைய சர்க்கரை, பிரஷர், இதயம் இதைத் தாங்குமா?

5. வலி திரும்ப வந்தால் அடுத்து என்ன?

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். பழகின சர்ஜன் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கடுமையான தலைவலி, தையல் வழியாகவோ மூக்கு வழியாகவோ தெளிந்த நீர் ஒழுகுதல், காது மந்தம், முகம் கோணுதல் என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அதுவரை வீட்டில்...

வெளியே போகும்போது முகத்தை மெல்லிய துணியால் சுற்றிக்கொள்ளலாம். நல்ல பருத்தித் துணிக்கு நம் ஊரில் பஞ்சமா! பைக்கில் போனால் முகம் மூடிய ஹெல்மெட். ஃபேன் நேராக முகத்தில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். முகம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர். சாப்பாடு ரொம்பச் சூடாகவும் வேண்டாம், ஜில்லென்றும் வேண்டாம். குழைய வைத்த அரிசியும் பருப்பு சாதம், கம்பங்கூழ், ராகிக் கூழ், மசித்த காய்கறி என்று மெல்ல வேண்டாத உணவாகக் கொடுங்கள். வலிக்குப் பயந்து பல் விளக்காமல் விட்டால் நிஜமாகவே பல் கெடும். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, மென்மையான பிரஷ்ஷால் விளக்கச் சொல்லுங்கள்.

வலி எப்போது வந்தது, எதைத் தொட்டதும் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அதைவிட உதவியான சீட்டு கிடையாது.

இன்னொன்று. வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லை. அதனால், "சும்மா நடிக்கறாங்க", "வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு" என்று யாராவது சொல்லக்கூடும். மனிதருக்கு வருகிற வலிகளிலேயே மிகக் கொடுமையான ஒன்று இது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். "இந்த வலியோட இருக்கறதுக்குப் போய்ச் சேர்ந்தா தேவலை" என்று அத்தை சொன்னால், அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

"மண்டையைத் திறக்கறதா? இந்த வயசுல எனக்கெதுக்குச் சாமி அதெல்லாம்?" என்று அவர் பயப்படுவார். பயம் நியாயம்தான். "பேசாம இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வார்கள், என்ன பலன், என்ன ஆபத்து என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மாத்திரையிலேயே இருக்கிறேன் என்றால் அதுவும் ஒரு முடிவுதான். முடிவு அவருடையதாக இருக்கட்டும். தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டில் யாராவது, "கன்னத்துல கரண்ட் அடிக்கற மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னால், பல்லை எடுக்க அவசரப்படாதீர்கள். எங்கே, எப்போது, எதைத் தொட்டால், எவ்வளவு நேரம் என்று நாலு கேள்வி கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு நாளைக் காலை டாக்டரிடம் புறப்படுங்கள்.